மூக்குத்தி எந்தப் பக்கம்?

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கோயிலில் பிரசங்கம் நீண்டால் எழுந்து போய் ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். அப்படிப்பட்ட என்னைப் போன மாதம் எங்கள் பழைய பயிற்சி மையத்தில் முதல் வரிசையில் உட்காரவைத்து, ‘ஓய்வுபெற்ற மூத்த பணியாளர்’ என்று சொல்லிக் கையில் ஒரு ரோஜாப்பூவையும் கொடுத்துவிட்டார்கள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு மனுஷன் எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பது?

ஜெசிந்தா என்ற இளம் பணியாளர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். கிராமத்துக்குப் போய் விளக்கம் சொல்கிறவர்கள் கணினியில் படவில்லைகளை எப்படித் தயாரிப்பது என்பதுதான் பாடம். கெட்டிக்காரப் பெண். சுவரில் ஒரு படம் வந்தது. கேரட் கூடையோடு ஒரு விவசாயப் பெண், வலது ஓரத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவங்க ஸ்லைடுக்கு வெளிய பாக்குறாங்க. நம்ம எழுத்தப் பாக்குற மாதிரி இருக்கணும். அதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு. ஃப்ளிப். ஒரே க்ளிக்” என்றாள் ஜெசிந்தா. அந்தப் பெண் சட்டென்று இடவலம் மாறித் திரும்பி நின்றார்.

“திருப்பாதே!” என்று கத்திவிட்டேன்.

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். ரோஜா கீழே விழுந்து கிடந்தது. தேநீர் இடைவேளையில் ஜெசிந்தா நேராக என்னிடம் வந்தாள். “என்ன சார் அப்படிக் கத்திட்டீங்க? பிடிக்கலேன்னா அன்டூ பண்ணிட்டாப் போச்சு.”

“என் அன்டூவுக்கு ஒரு கோடை ஆச்சும்மா” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. “அதையே எழுதிக் குடுங்க சார். டிப்ஸ் மாதிரி” என்றாள். டிப்ஸ் என்றால் ஓட்டல் மேசையில் வைப்பது என்றுதான் எங்கள் காலத்தில் நினைத்திருந்தோம். சரி, எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். எழுபதுகளின் நடுவில் மலைக் கிராமங்களுக்கான அந்தப் பயிற்சி மையத்தில் படப்பிரிவு உதவியாளனாகச் சேர்ந்தேன். கீழே மதுரையில் மூன்று மாதம் பயிற்சி. கேமராவைப் பிடிக்கவும், புரொஜெக்டர் பல்பு சுடும்போது தொடாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன், இரண்டாவதைத் தொட்டுத்தான் கற்றேன். பெண் பார்க்கப் போன வீட்டில், “மாப்பிள்ளைக்கு என்ன சோலி?” என்று கேட்டார்கள். என் சித்தப்பா, “படம் காட்டுறாரு” என்றார். வீடே சிரித்தது. ஆனாலும் பெண்ணைக் கொடுத்தார்கள்.

பிரிவுக்குத் தலைவர் தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. வில்லைகளுக்குப் புள்ளி வைப்பதற்காகக் கடைத்தெருவில் சிவப்பு நகச்சாயம் வாங்குவார். மை என்றால் கொடைக்கானல் ஈரத்தில் ஊறிப் பரவிவிடும், நகச்சாயம் பரவாது. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், “யாருக்கு சார், நமக்குச் சொல்லவே இல்லையே?” என்று கேட்பார். சார் ஒவ்வொரு தடவையும், “புள்ளிக்கு” என்று சொல்லிவிட்டு வருவார். புள்ளி என்று ஒரு பெண் இருப்பதாகவே கடைக்காரர் கடைசிவரை நம்பினார்.

அந்தப் புள்ளியைச் சொல்லியாக வேண்டும். அப்போது ஒரு படம் என்பது தீப்பெட்டி அகலத்தில் சட்டம் போட்ட ஒரு துண்டுப் படச்சுருள். அதைத்தான் வில்லை என்போம். அதை எட்டு விதமாகப் புரொஜெக்டர் ட்ரேயில் செருகலாம். ஒரு விதம்தான் சரி. படம் நேராகத் தெரியும்படி கையில் பிடித்து, கீழே இடது மூலையில் புள்ளி வைக்க வேண்டும். ட்ரேயில் படத்தைத் தலைகீழாகத்தான் போடுவோம். அப்போது புள்ளி மேலே வலது மூலைக்கு வந்துவிடும், நம் வலது பெருவிரல் அதன்மேல் உட்காரும். விரலுக்குக் கீழே சிவப்பு இருந்தால் படம் சரி. இருட்டிலும் அவசரத்திலும் யோசிக்கவே வேண்டாம்.

“ஏலே சவரி, நெனப்பு ஏமாத்தும். புள்ளிய நம்பு” என்பார் சார்.

அவருடைய இன்னொரு வழக்கம், நிகழ்ச்சிக்கு முதல் நாள் கூடத்தின் கடைசி நாற்காலியில் போய் உட்காருவது. நான் படங்களை ஓட்டுவேன். ஒவ்வொரு படத்துக்கும் அவர் மனதுக்குள் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லுவார். செபம் முடிவதற்குள் படம் விளங்கிவிட்டால் தலையாட்டுவார். விளங்காவிட்டால், “ரெண்டு சங்கதி ஒரே படத்துல கெடக்கு, பிரி” என்பார். ஜெசிந்தா அன்றைக்கு ஐம்பது வார்த்தை எழுதிய ஒரு படமும் காட்டினாள், அதற்கு முழு செபமாலையே தேவைப்பட்டிருக்கும்.

படங்களுக்கு நடுவே வெறும் அட்டைத் துண்டுகளையும் சார் செருகி வைப்பார். இருட்டுப் படம் என்று அதற்குப் பெயர். சுவர் கறுத்தவுடன் சனங்கள் சுவரை விட்டுவிட்டுப் பேசுகிறவர் முகத்தைப் பார்ப்பார்கள். உங்கள் கணினியில் பி என்ற எழுத்தை அழுத்தினால் திரை கறுக்குமாமே? நாற்பது பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. எழுத்துகளைப் பம்பரமாகச் சுற்றவிட மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நாங்களும் வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டியவர்கள்தான். கண்ணாடித் தாளில் எழுதி, சுவரில் காட்டும் விளக்குப் பெட்டிமேல் போட்டு, மேலே ஒரு அட்டையை வைத்து, மெல்லக் கீழே இழுப்போம். அது சொல்லச் சொல்லக் காட்டுவதற்கு. சுற்றுவதற்கு என்ன காரணம் என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். “அட்ராக்டிவா இருக்கும் சார்” என்றாள். எனக்குத் தலைதான் சுற்றியது.

போதும். இதெல்லாம் சொல்லிக்கொண்டே போனால், சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும்.

ஆடலூருக்குக் கீழே மூங்கிப்பள்ளம் என்று ஒரு சிறு குடியிருப்பு. இருபது வீடு இருக்கும். தேன் எடுப்பதும், கடுக்காய் பொறுக்குவதும், காப்பித் தோட்டங்களில் கூலி வேலையும்தான் பிழைப்பு. குடிதண்ணீர் மேலே பாறை ஊற்றிலிருந்து. பெண்கள் வெள்ளனே எழுந்து செங்குத்தாக ஏறி, குடத்தோடு இறங்கி வருவார்கள். ஊற்றிலிருந்து குழாய் போட்டால் தண்ணீர் தானாகவே வீட்டுவாசலுக்கு வந்துவிடும். குழாய்க்கு உதவி வாங்கித் தர எங்கள் மையம் முயன்றது. ஒரே ஒரு சிக்கல். அந்த ஒற்றையடிப் பாதைதான் எல்லை. ஏறும்போது வலது பக்கம் புறம்போக்கு, இடது பக்கம் ஒரு தனியார் தோட்டம். தோட்டக்காரர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார். ஊற்று புறம்போக்கில் இருந்ததால்தான் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கையே எங்களுக்கு.

படம் எடுக்க நான்தான் போனேன். சாருக்கு அப்போது முட்டியில் வலி, இறங்க முடியவில்லை. ஊற்றுப் பக்கத்தில், பாதையில் கருப்பாயக்காவை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். ஐம்பதை நெருங்கியவர், வாய் ஓயாதவர், அந்தக் குடியிருப்பில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மூடுபனி வந்து தோட்டத்து வேலியை மறைத்துவிட்டது. பாதை, பாறை, ஊற்று, கருப்பாயக்கா, அவ்வளவுதான் படத்தில். நான் சொன்னதை வைத்து சார் கண்ணாடித் தாளில் ஒரு வரைபடம் போட்டார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அதிகாரிகள் மூன்று பேர் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். கருப்பாயக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் பஸ்ஸில் மேலே வரவழைத்திருந்தோம். முதல் நாளே சார் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பார்த்துத் தலையாட்டிவிட்டார். ஆனால் காலையில் பார்த்தால் பனி ஈரத்தில் வில்லைகள் வேர்த்துக் கிடந்தன. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துடைத்து, புரொஜெக்டரின் சுடுகாற்றில் காட்டிக் காயவைத்தேன். திரும்பப் போட்டு ஓட்டியபோது இரண்டு படங்கள் தலைகீழாக வந்தன. அவசரத்தில் நானே தவறான மூலையில் புள்ளி வைத்த படங்கள் அவை, முதல் நாள் கண்ணை நம்பிச் சரியாகச் செருகியிருந்தேன். இன்னும் எதில் எல்லாம் தப்பு வைத்திருக்கிறேனோ?

அந்த நேரத்தில் கருப்பாயக்கா கூடத்துக்குள் வந்தார். சுவரில் அவரே ஆள் உயரத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். தன்னைப் படத்தில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சுவர்வரைக்கும் போய் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். முதலில் சுவரில் உள்ள மூக்கை, அப்புறம் தன் மூக்கை.

“தம்பி, இது மாறிக் கெடக்கு.”

“எதுக்கா?”

“மூக்குத்தி. எனக்கு இந்தப் பக்கமில்ல இருக்கு? நெதம் கண்ணாடியில பாக்குறேன், எனக்குத் தெரியாதா?”

வலது கையால் வலது மூக்கைத் தொட்டுக் காட்டினார். சுவரில் மூக்குத்தி அவருக்கு இடது கைப் பக்கமாக இருந்தது. எதிரே நிற்கிற ஆளின் வலது நமக்கு இடதுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கண்ணாடியில் பார்க்கும்போது மட்டும்தான் வலது வலதாகவே இருக்கும். இது எனக்குத் தொழில். ஆனாலும் அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. ஏற்கெனவே இரண்டு தப்பு. வெளியே ஜீப் சத்தம். தன் மூக்கைத் தானே தொட்டுக் காட்டுகிறவரை எப்படி மறுப்பது? வில்லையின் மங்கலான பக்கம் திரையைப் பார்க்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். அதையும் பார்க்கவில்லை. படத்தை எடுத்தேன், பிளேடால் புள்ளியைச் சுரண்டினேன், திருப்பினேன், புது மூலையில் நகச்சாயம் வைத்தேன்.

“இப்பச் சரி. இப்பத்தான் நானு” என்றார் கருப்பாயக்கா.

அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். சார் திரை ஓரமாகக் கம்போடு நின்று, அளந்து பேசினார். முதலில் வரைபடம். “ஏறும்போது வலப்பக்கம் ஊற்று, புறம்போக்கு” என்றார். விளக்கை அணைத்தோம். வீடுகள் வந்தன, குடங்கள் வந்தன, செங்குத்துப் பாதை வந்தது. பிறகு கருப்பாயக்கா.

பாதைக்கு இடது பக்கம் ஊற்று.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் அந்த ஊற்றின் பக்கத்தில் நின்றவர்கள், வந்திருந்த மூங்கிப்பள்ளத்து ஆட்களும் நானும்தான்.

மூத்த அதிகாரி நல்ல மனிதர்தான், கவனமானவர். அந்தக் கவனம்தான் அன்றைக்குக் கெடுத்தது. “ஒரு நிமிஷம். வரைபடத்துல வலது, படத்துல இடது. எது நெசம்?”

சார் திரையைப் பார்த்தார். நேற்றுப் பார்த்த படம் இப்படியா இருந்தது என்று அவர் யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது. இருட்டில் என் பக்கம் திரும்பினார்.

“சவரி. புள்ளி?”

விரலால் தடவிப் பார்த்தேன். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

“சரியா இருக்கு சார்.”

சொன்னது பொய் இல்லை. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்யும் நான் சொன்னதில்லை.

சார் அதிகாரியிடம் திரும்பி, “அப்ப என் கோடுதான் தப்பா இருக்கும் சார்” என்றார். முப்பது வருஷம் தப்புச் செய்யாத மனிதர், எல்லோர் முன்னாலும், என் வார்த்தையை நம்பி.

பின்வரிசையிலிருந்து கருப்பாயக்கா எழுந்தார். “ஊத்து சோத்தாங்கைப் பக்கமுங்க.”

“எந்தச் சோத்தாங்கைம்மா? ஏறும்போதா, எறங்கும்போதா?”

“ஏறும்போது சோத்தாங்கை. எறங்கும்போது பீச்சாங்கைப் பக்கம் வருமுங்க.”

இன்னொரு அதிகாரி சிரித்துவிட்டார். “மாத்தி மாத்திச் சொல்லுதே.” மூத்தவர் பொறுமையாக, “படத்துல நிக்கிறது நீங்கதானம்மா? படம் பொய் சொல்லுமா?” என்றார். கருப்பாயக்கா சுவரைப் பார்த்தார். சுவரில் மூக்குத்தி அவர் சொன்ன பக்கத்தில் இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும் நேரம் இருந்தது. எனக்கு வேலை நிரந்தரம் ஆகாத காலம், அடுத்த வாரம் சார் சிபாரிசு எழுதுவதாக இருந்தது. கை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த படத்தைத் தள்ளியது. அது இருட்டுப் படம். சுவர் கறுத்தது. ‘ஊற்று தோட்டத்து எல்லைக்குள் உள்ளது, உரிமையாளர் ஒப்புதல் தேவை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

அவர்கள் ஜீப் மலை இறங்கின பிறகு, வயரைச் சுற்றிக்கொண்டே சாரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு தடவை சுற்றி நான்கு தடவை பிரித்த வயர் அது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த வில்லையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். என் புள்ளியைப் பிளேடால் சுரண்டி, சரியான மூலையில் புதிதாக ஒன்று வைத்து, அது காயும்வரை ஊதினார்.

“காலையில முத பஸ். வெரசா வந்துரு” என்றார்.

முட்டி வலியோடு மதுரைவரை வந்தார். அலுவலகத்தில், “தப்பு எங்க பக்கம்” என்றார். இவன் பக்கம் என்று சொல்லவில்லை. மூத்த அதிகாரி வில்லையை இரண்டு விதமாகவும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நேத்து அது நெசம், இன்னைக்கு இது நெசம். மத்த படத்தையெல்லாம் நான் எத வச்சு நம்புறது?” என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. நேரில் ஆள் வந்து பார்த்த பிறகுதான் மறுபடி கோப்பைத் திறப்போம் என்றார்கள். ஆள் வந்தபோது ஒரு மழை முடிந்து, ஒரு கோடையும் முடிந்திருந்தது.

அந்தக் கோடையில் ஊற்று சுருங்கி, குடம் நிறைய நேரமானது. கருப்பாயக்கா குடத்தோடு பாறையில் வழுக்கி விழுந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்தது. வைத்தியம் பார்த்தும் கோணலாகத்தான் சேர்ந்தது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

என் வேலை நிரந்தரமானது. சார் சொன்னபடியே சிபாரிசு எழுதினார். அந்தத் தாளில் என்ன எழுதினார் என்று நான் கேட்டதில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகு கடைசி நாற்காலியில் நான் உட்கார ஆரம்பித்தேன். என்னால் அசையாமல் உட்கார முடிந்த ஒரே நாற்காலி அதுதான். ஜெசிந்தா, உனக்கு ஒரே ஒரு டிப்ஸ் என்றால் அதைத்தான் சொல்வேன். படத்தை உன் பக்கத்திலிருந்து பார்க்காதே, போய் எதிரே உட்கார்ந்து பார். அழகுக்காகக் கேரட் கூடையைத் திருப்பினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் திருப்பினால் திருப்பியதாகச் சொல்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மூங்கிப்பள்ளத்துக்குக் குழாய் வந்தது. விழா எல்லாம் முடிந்த மறுவாரம் நான் மட்டும் போனேன். கருப்பாயக்காவின் படத்தைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன், சரியான விதமாக. சவரம் செய்யும் கண்ணாடியையும் எடுத்துப் போயிருந்தேன். குழாயடியில் அவரைப் பார்த்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். படத்தை ஒரு கையிலும் கண்ணாடியை ஒரு கையிலும் பிடித்து, மூக்குத்தி ஏன் மாறுகிறது என்று காட்டினேன்.

வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கே உரிய சிரிப்பு வந்தது. “அப்ப இம்புட்டு நாளா ஊரு பூரா என்னய இப்பிடித்தான் பாத்துச்சா? நான் மட்டுந்தான் மாத்திப் பாத்துருக்கேனா?”

“ஆமாக்கா.”

சிரிப்பு மெல்ல அடங்கியது. கோணல் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “எனக்குத் தெரியல, சரி. செவுத்துல பாத்தப்ப உனக்குத் தெரிஞ்சுச்சில்ல தம்பி?”

என் கை அது பாட்டுக்குக் குழாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

“குழாய மூடு. தண்ணி வீணாப் போகுது” என்றார்.